நாரைக்கு எண்ணத் தெரியாது

லாஸ்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் ஒரு வருடமாகச் சுருட்டிக் கிடந்த கூடாரம் அது. வெயிலில் காய்ந்து துணியெல்லாம் மொறமொறவென்று ஆகியிருந்தது. அதை ஊசுட்டேரி நாணலுக்குள் நட்டுவிட்டு உள்ளே நுழைந்ததுமே தமிழ்மாறன் முகத்தில் பச்சை மீன் கவிச்சி குப்பென்று அடித்தது.

"ஏரிக்குள்ள ஒக்காந்துகினு மீன் நாறுதுன்னா எப்படி சார்?" என்று சிரித்தார் ராஜாங்கம். கூடப்பாக்கத்து விவசாயி. தமிழ்மாறன் பறவைகளைப் படம் எடுக்க வரும் நாட்களில் துணைக்கு வருபவர்.

துணைக்கு என்றால் பேச்சுத் துணைக்கு அல்ல. கூடாரத்துக்குள் ஒருவன் மட்டும் போனால் செந்நாரை தூரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும், கூட்டுக்கு வரவே வராது. அதனால் இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் நன்றாகக் கண்ணில் படும்படி கரைக்குத் திரும்பி நடக்க வேண்டும். ஆள் போயாச்சு என்று நம்பி நாரை வந்து இறங்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று அதற்கு எண்ணத் தெரியாது.

போன மாசியில் அப்படித்தான் அந்தப் படம் கிடைத்தது. கூடு நாணலுக்குள் மறைந்திருந்ததால் வெளிச்சம் போதவில்லை. தமிழ்மாறன் ஒரு குஞ்சைத் தூக்கி வந்து மொட்டைக் கிளையில் வைத்து, அது நகராமல் இருக்கக் காலைத் தூண்டில் நரம்பால் கட்டினான். இறக்கையை விரித்துக்கொண்டு தாய் வர, குஞ்சு வாயைப் பிளந்து நிற்க, படம் அள்ளிக்கொண்டு போயிற்று. போட்டியில் முதல் பரிசு. இன்றும் அவன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"நரம்ப அறுத்துட்டீங்களா சார்?" என்று அன்று கரையேறும்போது ராஜாங்கம் கேட்டார்.

"அறுத்துட்டேண்ணே."

அறுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, முழங்கால் தண்ணீரில் மறுபடி நடக்க அலுப்பாக இருந்தது. நாளைக்கு வந்து அறுத்துக்கலாம் என்று விட்டுவிட்டான். வந்தது மூன்றாம் நாள். கிளையில் நரம்பும் ஒரு காலும் மட்டும் இருந்தன. மேலே எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. கீழே மீன்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக அழுகிக் கிடந்தன. குஞ்சு செத்த பிறகும் தாய் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. காலை எடுத்துத் தண்ணீரில் வீசிவிட்டு வந்தவன் இதை யாரிடமும் சொல்லவில்லை.

"நான் கெளம்புறேன் சார். முடிஞ்சதும் போன் பண்ணுங்க" என்று ராஜாங்கம் இப்போது வெளியே குனிந்து போனார்.

மணி நாலரை. தமிழ்மாறன் லென்ஸைத் துணியின் பிளவு வழியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் சாய்ந்து நாணல் நுனிகளில் மஞ்சளாக நின்றது, எங்கோ ஒரு தாழைக்கோழி கத்திவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டது, அதன்பின் ஏரி முழுவதும் ஒரு பறவைச் சத்தமும் இல்லாமல் ராஜாங்கம் தண்ணீரில் நடந்து போகும் சளக் சளக் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டு பேர் நடக்கும் சத்தம்.

லென்ஸைத் திருப்பினான். ராஜாங்கத்தின் முதுகு. பக்கத்தில் இன்னொரு முதுகு. அவனுடைய பச்சைச் சட்டை, அவனுடைய தொப்பி, தோளில் அவனுடைய பை. தமிழ்மாறன் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். தொப்பி இல்லை. பையை வைத்த இடம் வெறுமையாக இருந்தது.

கூட நடந்தது ஒரு காலில் தத்தித் தத்திப் போயிற்று.

"கால் சுளுக்கிக்கிச்சா சார்? எந்தோள புடிச்சிக்கோங்க. வண்டிய நானே ஓட்றேன்." தண்ணீர்மேல் ராஜாங்கத்தின் குரல் தெளிவாக வந்தது.

எழுந்தான். எழ முடியவில்லை. வலது கணுக்காலில் சுரீரென்றது. தூண்டில் நரம்பு. நாலு சுற்று, அவன் போடும் அதே முடிச்சு, மறுமுனை சேற்றுக்குள். இழுக்க இழுக்கச் சதைக்குள் இறங்கியது. கத்தி பையில் இருந்தது. பை கரையேறிக்கொண்டிருந்தது.

கால்சட்டைப் பையில் போன் இருந்தது. அழைத்தான். கரையில் ராஜாங்கம் நின்று காதில் வைப்பது லென்ஸில் தெரிந்தது.

அண்ணே, நான் இங்க இருக்கேன். அது நான் இல்ல. நரம்ப நான் அறுக்கலண்ணே. அன்னிக்கிப் பொய் சொல்லிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னான். தொண்டையிலிருந்து வந்தது கெக், கெக், கெக்.

"அலோ? யாருப்பா?" ராஜாங்கம் பக்கத்தில் திரும்பினார். "சார், உங்க நம்பர்தான். போன கூடாரத்துலயே வுட்டுட்டீங்களா? உள்ள நாரக்குஞ்சு கத்துது. போயி எடுத்தாரட்டா?"

தொப்பி மெல்ல இடமும் வலமும் அசைந்தது.

"அதுஞ்சரி. நாளைக்கி வந்து எடுத்துக்கலாம்."

போன் அணைந்தது. வண்டி கிளம்பியது. சத்தம் தேய்ந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் போனார்கள். கணக்கு சரியாக இருந்தது.

இறக்கைச் சத்தம். கூடாரத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. பிளவுக்கு வெளியே நீண்ட கழுத்து, மஞ்சள் கண், அலகில் துடிக்கும் மீன். கவிச்சி. தமிழ்மாறனின் வாய் தானாகத் திறந்தது. மூடப் பார்த்தான். மூடவில்லை. அடிவயிற்றில் அப்படி ஒரு பசி.

ஒரு சாண் தூரத்தில் நின்று செந்நாரை அந்த மீனைத் தானே விழுங்கியது.

பிறகு அசையாமல் நின்றது. கண் இமைக்காமல், அவசரமே இல்லாமல், நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருப்பவளைப் போல. அவன் கணுக்காலில் முதல் எறும்பு ஏறியது.