பார்த்துத் தருபவரின் லீவு நாள்

‘சம்பந்திச் சண்டை’ தொடரில் மூத்த மருமகள் பாலில் என்ன கலந்தாள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காட்சியை டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர், எங்கள் வீட்டைத் தவிர, தெருவில் ஒருவரும் இல்லை. உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? பதினைந்து நாளைக்கு ஒரு லீவு. அதில் துணி துவைப்பதா, சொந்தபந்தத்தைப் பார்ப்பதா, தூங்குவதா? அதனால் லீவு அன்று காலையில் குளித்துவிட்டு நேராகப் பெயர்ப்பகத்துக்குப் போய்விடுவார்கள். பல் டாக்டர் வீட்டு நாற்காலி மாதிரி ஒன்றில் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணை மூடினால் போதும். விட்டுப்போன தொடரெல்லாம், நேற்றுத்தான் பார்த்தது போலத் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டு மருமகளைத் திட்ட ஆரம்பிக்கலாம்.

ஆரம்பத்தில் படத்தை அப்படியே மூளைக்குள் ஏற்றிப் பார்த்தார்களாம். கதை தெரிந்ததே தவிர ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சிரிப்பும் பதைப்பும் இன்னொரு மனிதத் தலையிலிருந்துதான் வரவேண்டும் என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் ‘பார்த்துத் தருபவர்’ என்று ஒரு உத்தியோகம் முளைத்தது. கோவையில் அந்த உத்தியோகம் பார்ப்பவர்களில் என் கணவர் நாச்சிமுத்துவும் ஒருவர். பழைய பெயர்கள் எல்லாம் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலத்தில் பிறந்தவர். ஆள் என்னவோ இந்தக் காலத்து ஆள்தான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை சத்தம் புகாத ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து தொடர் பார்ப்பதுதான் வேலை. நெற்றியில் ஒரு பட்டை கட்டியிருப்பார். மெல்லியது, மூக்குக்கண்ணாடி மாதிரி பழகிவிட்டால் கண்ணில் படாது. வேலை முடிந்தால் வீட்டுக்கும் அவரோடு வரும். சாயங்காலம் அதைக் கழற்றும்போது அன்று பார்த்தது எல்லாம் அதோடு கழன்றுவிடும். நினைவு நாற்று மாதிரி. இங்கே பிடுங்கினால்தான் அங்கே நடலாம், அதுவும் ஒரே ஒரு தலையில்; இரண்டு இடத்தில் இருக்காது. “இன்னிக்கு என்னங்க பாத்தீங்க?” என்று கேட்டால் மனுஷன் திருதிருவென்று விழிப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வர வர வயிற்றெரிச்சலாக இருந்தது. பாதி ஆயுளை ஊராருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற மனுஷனோடு எதைப் பேசுவது?

அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அவருக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு விழுந்தால் பெயர்ப்பகம் பக்கம் போக மாட்டோம். அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, விட்டுப்போன எபிசோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் கண்ணாலேயே பார்ப்போம். நிலக்கடலை வேகவைத்துக்கொள்வேன். அவர் தோலை என் தட்டிலேயே போட்டுத் தொலைப்பார். நான் கதையை நிறுத்தி நிறுத்தி நியாயம் பேசுவேன். “படத்தப் பாக்க உடு புள்ள” என்று அவர் கெஞ்சுவார். எனக்கு அந்த நாள்தான் உலகம்.

கடைசியாக அப்படி விழுந்த லீவில் என்னிடம் ஒரு சேதி இருந்தது. எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, இனி கேட்பதில்லை என்று நாங்களே விட்டுவிட்ட சேதி. முந்தின நாள்தான் டாக்டரம்மா உறுதி சொல்லியிருந்தார். எல்லாம் பார்த்து முடித்தபின் நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். எனக்கு எங்கே நிதானம்? மூத்த மருமகள் பால் டம்ளரோடு மாடிப்படி ஏறும்போது சொல்லிவிட்டேன்.

அவர் டிவியை நிறுத்தினார். என் மடியில் தலையை வைத்து, பெரிய ஆள் அழுவது மாதிரியே இல்லாமல், சத்தமாக அழுதார். எனக்கும் தாங்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “அந்தப் பால்ல என்ன கலந்தாளோ, பாத்துடலாமா?” என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மீதி எபிசோடுகளையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே பார்த்தோம். அன்றைக்கு மாதிரி நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் காலையில் எழுந்தார். பல் தேய்த்தார். “சட்னில உப்புக் கம்மி” என்றார். வேலைக்குப் போய்விட்டார்.

சரி, அவசரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாயங்காலமும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது. குடிதண்ணீர் கேனை நானே தூக்கி வைத்தேன், பார்த்துக்கொண்டு நின்றார். மடியில் படுத்து அழுத ஆளா இது? வேண்டாம் என்று மனது மாறிவிட்டதா? நானாக மறுபடி வாய் திறப்பதா, செத்தாலும் மாட்டேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். அந்த வீம்பில் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அந்த ஆள் வந்தார். எங்கள் வீட்டு கேட் லேசில் திறக்காது. கொஞ்சம் மேலே தூக்கி இடது பக்கம் தள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கூப்பிடுவார்கள். இவர் தூக்கித் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, என் வயிற்றைப் பார்த்தார், உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்மணி, தப்பா நெனைக்கப்படாது. எம்பேரு தண்டபாணிங்க. கேத்தனூர்ல காத்தாலைக்குக் காவல். போன வாரம் லீவுல பெயர்ப்பகத்துல ‘சம்பந்திச் சண்டை’ போட்டுக்கிட்டனுங்க. அதோட உங்க வீடும் வந்துருச்சுங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். “உங்க ஊட்டுக்காரரு அன்னிக்குப் பட்டையோடயே உக்காந்திருக்கறாருங்க. டைட்டில் பாட்டுக் கேட்டதும் கை தானா எடுத்துக் கட்டியிருக்குது. பழக்கதோசம். அவரு பாத்தது, கேட்டது, நெனச்சது அத்தனையும் இப்ப எங்கிட்ட இருக்குதுங்க. நீங்க அந்தச் சேதிய…” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்கிட்டத்தான் சொன்னீங்க.”

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, நிம்மதி. அந்த மனுஷன் மாறிவிடவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது! ராத்திரி படுக்கப் போகும்போது பட்டையைக் கழற்றியிருக்கிறார், அந்த நாளே கழன்றுவிட்டது. மறுநாள் அவர் வேலைக்குப் போனபோது பட்டையோடு அதுவும் பெயர்ப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த நாளும் அப்படித்தான் என்பதால் அன்று லீவா வேலையா என்றுகூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அதன்பிறகுதான் ஆத்திரம் வந்தது. தண்ணீர் கேனை நானே தூக்கியதைச் சொல்லிச் சொல்லி, வாய்க்கு வந்தபடி அந்தப் பட்டையைத் திட்டினேன். தண்டபாணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“வரவேண்டாம்னுதாங்க இருந்தேன்” என்றார். “எனக்குக் கல்யாணம் காச்சி ஒண்ணும் ஆகலீங்க. அன்னிக்கு நாற்காலில இருந்து எந்திரிச்சப்ப நான் அப்பனாயிட்டேன்னு நெஞ்சு நெறஞ்சு கெடந்துது. பொய்யின்னு தெரியும். தெரிஞ்சும் சந்தோசமா இருந்துது. அப்பறம், அவரு ஒண்ணும் தெரியாம நிப்பாரே, நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு ரோசனை வந்துருச்சுங்க.” டம்ளரைக் கீழே வைத்தார். “நாளைக்குள்ள திருப்பிக் குடுத்தாத்தான் ஆச்சு. அதுக்கு மேல போனா வேர் புடிச்சுக்கும், எடுக்க முடியாதுங்களாம். எடுத்தா கொடியப் புடிச்சு இழுத்த மாதிரி, அதோட சேந்து வந்ததெல்லாம் வந்துரும். இங்க நான் வந்தது, உங்களோட பேசறது, எல்லாம் போயிரும்.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு கேக்கட்டுங்களா? அவருக்கு நீங்க இன்னொருக்காச் சொன்னா புதுசாத்தான் இருக்கும். இத நானே வெச்சுக்கட்டுங்களா?”

பொய் சொல்லவில்லை, ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? ஆனால் அது என் பொருளா, எடுத்துக் கொடுக்க? “அவரு வரட்டுங்கண்ணா. அவரக் கேளுங்க” என்றேன்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். முன்பின் தெரியாத ஆள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நல்ல சேதியை இப்படியா சொல்வது? பட்டை, பெயர்ப்பகம், காற்றாலை என்று சுற்றி வளைத்து நடுவில் அதைச் சொல்லும்படி ஆகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், தண்டபாணியைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வரவில்லை. என்னிடம் கேட்காமல் தண்டபாணியிடம் கேட்டார்.

“நான் என்ன செஞ்சேன்?”

“அழுதீங்க.”

“சந்தோசத்துலயா?”

தண்டபாணி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “மொதல்ல பயமுங்க. இந்தக் கொழந்த நடக்கறதையும் பேசறதையும்கூட இப்படியே யாருக்காவது பெயர்த்துக் குடுத்துட்டு நிப்பேனோன்னு ஒரு பயம். அதுலதான் அழுதீங்க. அப்பறம் அம்மணியோட கை உங்க தலையில பட்டுது. அப்பத்தான் சந்தோசம். அதுக்கு முன்னாடி நீங்க அந்த மாதிரி ஒண்ணு பட்டதே இல்லீங்க.”

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கு அது தெரியாது. அவருக்கே தெரியாது. வழியோடு வந்த ஒருத்தர் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டோம்.

“அண்ணா, நான் இதுவரைக்கும் குடுத்த எதையும் திருப்பிக் கேட்டதில்லீங்க” என்றார் என் கணவர். “இத மட்டும் கேக்கறேன்.”

“கேக்க வேண்டியதுதானுங்க. உங்களுதுதானே” என்றார் தண்டபாணி. சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். ஆளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மூன்று பேரும் பெயர்ப்பகத்துக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கண்ணை மூடும் முன்னால் தண்டபாணி என்னைக் கூப்பிட்டு, “அம்மணி, கேனெல்லாம் தூக்காதீங்க” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முதலில் எழுந்தது என் கணவர். முகமெல்லாம் ஈரம். என் மடியில் படுத்து அழுத ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று பார்த்ததும் தெரிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன், யார் பார்த்தால் எனக்கென்ன? ஆனால் அவர் என் காதில் சொன்னது வேறு.

“துளசி, கொடியோட அவரு நாளும் சேந்து வந்துருச்சு. அன்னிக்கு இங்கிருந்து போயி ரவை உருண்டை புடிச்சிருக்காரு. நல்ல சேதின்னா இனிப்புக் குடுக்கோணுமே. குடுக்க ஒரு ஆளில்ல அவருக்கு. காத்தாலை ஒவ்வொண்ணுக்கும் அடியில போயி ஒரு உருண்டை வெச்சிருக்காரு. காக்கா வந்து தின்னிருக்குது. அத நின்னு பாத்திருக்காரு. எனக்கு என் கையாலயே வெச்ச மாதிரி இருக்குது.”

அதற்குள் தண்டபாணி எழுந்துவிட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் முன்பின் நிற்பவர்களைப் பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்தார். என் முகத்தில் அவர் கண் நிற்கவே இல்லை. நேற்று எங்கள் கூடத்தில் காப்பி குடித்த மனுஷன்.

“என்னங்க, ரொம்பச் சோகமான கதைங்களா?” என்று என் கணவரின் கண்ணைப் பார்த்து அனுதாபமாகக் கேட்டார். “எனக்கு ‘சம்பந்திச் சண்டை’ போட வந்தனுங்க. ஆறு எபிசோடு விட்டுப்போச்சு. போட்டாங்களா இல்லையான்னே தெரியல, தலை காலியாக் கெடக்குது.”

“போடலீங்க” என்றார் என் கணவர். “அடுத்த லீவுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. மூணு பேரும் உக்காந்தே பாத்துடலாம். எங்களுக்குக் கொழந்த பொறக்கப் போகுதுங்க.”

“அப்படீங்களா? ரொம்பச் சந்தோசமுங்க” என்றார் தண்டபாணி, யாரிடமும் சொல்கிற மாதிரி. பிறகு சங்கடமாகச் சிரித்துக்கொண்டு செருப்பைத் தேடினார். “கூப்புட்டதே பெருசுங்க. ஆனா முன்னப்பின்ன தெரியாதவங்க ஊட்டுக்கு எப்படிங்க வர்றது? உங்கள எனக்குத் தெரியாதுங்களே.”

என் கணவர் குனிந்து, நாற்காலிக்கு அடியில் போயிருந்த அவர் செருப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

“எனக்கு உங்களத் தெரியுமுங்க” என்றார்.