அம்மா வாங்கிய குட்டிக் கார்

அம்மா அந்தப் பச்சைக் குட்டிக் காரை ஐந்தாவது முறையாகச் சுற்றி வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. வீட்டில் ‘வாலு’ என்று பெயரெடுத்த அவள் மகளுக்கோ ஒரே ஆச்சரியம். அம்மாகூட அழுவாளா என்ன?

“இதே கார்தான் எங்க வீட்டுல இருந்துச்சு. நான் ஆறாவது படிக்கும்போது வித்துட்டாங்க. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல,” என்றாள் அம்மா.

காரை விற்பவர் ஒரு பல் டாக்டர். முன்மூடியைத் திறந்து, “ஆ காட்டு!” என்றார். வாலு களுக்கென்று சிரித்தாள்.

பிறகு ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த ஒரு கறுப்புக் குமிழை இழுத்து இன்ஜினைக் கிளப்பிக் காட்டினார். “இது சோக். தூங்கற இன்ஜினை எழுப்ப மட்டுந்தான். எழுந்ததும் உள்ள தள்ளிடணும்.”

அம்மா எங்கே கேட்டாள்? ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்பா மட்டும் உர்ரென்று நின்றார். “வழியில நின்னுச்சுன்னா திருப்பிக் கொடுத்துடணும். சரியா?”

அம்மாவும் டாக்டரும் சரி என்றார்கள்.

கார் கிளம்பியது. அப்பா பைக்கில் பின்னால் வந்தார். கைப்பையை எங்கே வைப்பது என்று தேடிய அம்மா, அதைக் கறுப்புக் குமிழில் மாட்டினாள்.

“பாத்தியா, பை மாட்டக்கூட கொக்கி வச்சிருக்காங்க! அந்தக் காலத்து ஆளுங்கன்னா சும்மாவா?”

இரண்டு தெரு தாண்டியதும் கார் இருமியது. கறுப்புப் புகையைக் கக்கியது. கடைத்தெரு முனையில் நின்றே போனது.

“நான் சொன்னேன்ல?” என்றார் அப்பா.

அம்மாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க வாலுவுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். பையின் கனத்தில் குமிழ் முழுக்க வெளியே வந்திருந்தது. அப்பா முன்னால் சொன்னால் அம்மாவைக் கேலி பண்ணியே தீர்த்துவிடுவார்.

“அப்பா, தாகமா இருக்கு. தண்ணி வாங்கிட்டு வாங்களேன்.”

அவர் கடைக்குள் போனதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குமிழை உள்ளே தள்ளினாள். “அம்மா, இது கொக்கி இல்ல. சோக்!”

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினாள். கார் முனகியது. மறுபடி திருப்பினாள். சடசடவென்று உயிர் வந்துவிட்டது!

அப்பா பாட்டிலோடு ஓடிவந்தார். “நின்ன கார் எப்படி ஓடுது?”

“கார் எங்கப்பா நின்னுச்சு? நாங்கதான் தெரியாம நிறுத்திட்டோம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். சின்னப் பெண் மாதிரி அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி சரி, வீட்டுக்கு ஓட்டு. இது நம்ம கார்தான்.”

வீடு வந்தது. வாலு இறங்கினாள். அம்மா மட்டும் இறங்கவில்லை. பின்சீட்டுக்குப் போய், காலை மடக்கி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

“அம்மா, வீடு வந்தாச்சு!”

“இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம்டீ,” என்று கெஞ்சினாள் அம்மா.

“அப்படின்னா கொஞ்சம் நகரும்மா,” என்று வாலுவும் உள்ளே ஏறிக்கொண்டாள்.