மாமாவின் கைத்தடி

கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இக்னேஷியஸ் மாமாவிடம் பன்னிரண்டு விதிகள் இருந்தன. அவர் அந்த ஊருக்கு அதுவரை இரண்டு தடவைதான் வந்திருக்கிறார். தடவைக்கு ஆறு விதி என்று வைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் வண்டி வந்தால் கோழிகளும் கிராணிமார்களும் ஒன்றுபோல் சிதறி ஓடிய காலம் அது. மாமாவும் ஒரு கிராணிதான். தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவருக்குக் கணக்கெழுதும் வேலை. அங்கிருந்துதான் தங்கை மகள் பெர்னடெட்டை அழைத்து வந்திருந்தார்.

பெர்னடெட்டுக்கு வயது பத்து. அவளுடைய அம்மா மூன்று வாரமாகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சிதான் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதியிருந்தாள். அதனால் பெர்னடெட்டின் மடியில் எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி ஒன்று இருந்தது.

நோயாளிகளை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் பார்க்கலாம். இன்று விட்டால் மாமாவுக்கு அடுத்த லீவு கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

ரயிலை விட்டு இறங்கியதும் மாமா ஒரு ரிக்‌ஷாவில் ஏறினார். "ஆஸ்பிட்டல்" என்று இங்கிலீஷில் கம்பீரமாகச் சொன்னார். ரிக்‌ஷா இழுக்கும் சீனர் தலையாட்டிவிட்டு ஓடத் தொடங்கினார்.

தெரு ஓரத்தில், மரத்தடியில் கண்ணாடி மாட்டியிருந்த ஒரு நாவிதர், நாற்காலியில் இருந்தவரின் முகம் முழுக்கச் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பெர்னடெட்டுக்குச் சிரிப்பு வந்தது.

"முதல் விதி," என்றார் மாமா. "பட்டணத்துல வாயைத் திறந்துகிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது." சொன்னதை அழுத்திக் காட்ட, கைத்தடியால் ரிக்‌ஷாவின் வலப்பக்க மரத்தில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டினார்.

ரிக்‌ஷா வலப்பக்கம் திரும்பியது.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூடாது என்பது இரண்டாவது விதி. டொக். யாரிடமும் வழி கேட்கக் கூடாது, கேட்டால் நாம் ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும் என்பது மூன்றாவது. டொக். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தால் அது நம் சொந்த வண்டி போல உட்கார வேண்டும் என்பது நான்காவது. டொக்.

அந்தத் தட்டு விழுந்து கொஞ்ச தூரம் போனதும் அதே மரம், அதே நாவிதர். நாற்காலியில் இருந்தவருக்கு இப்போது ஒரு கன்னம் மட்டும் வழித்திருந்தது.

எட்டாவது விதி முடிந்தபோது நாற்காலிக்காரர் முழுதும் வழித்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் கடிகாரத்தில் நாலரை.

பெர்னடெட் யோசித்தாள். ஒரு விதி, ஒரு தட்டு, ஒரு திருப்பம். மாமா ஒன்பதாவது விதிக்காகத் தொண்டையைக் கனைத்தார்.

புட்டியில் கட்டியிருந்த துணி, வண்டி குலுங்கியதில் நிஜமாகவே தளர்ந்திருந்தது.

"மாமா, எண்ணெய் கசியுது. உங்க வெள்ளைக் கோட்டுல பட்டுறப் போவுது. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிறீங்களா? தடியை நான் வச்சுக்கிறேன்."

கோட்டு என்றதும் மாமா தடியைக் கொடுத்துவிட்டுப் புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெர்னடெட் முன்னால் குனிந்து, காய்கறிக்காரரிடம் கற்ற மலாயில் ஆஸ்பத்திரி எங்கே தெரியுமா என்று கேட்டாள். சீனர் வண்டியை நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தெரியாது என்று தலையை ஆட்டினார். அவளும் எனக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

அவள் நாவிதரிடம் திரும்பினாள். "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவணும்?"

"மூணாவது விதி..." என்று மாமா முனகினார்.

"நாம புதுசுன்னு தெரிஞ்சா தெரியட்டும் மாமா. அம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

நாவிதர் கன்னையா கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி சொன்னார்: "அட, மூணு தடவை இதே பக்கம் வந்தீங்களா, நான் ஏதோ ஊர்வலம்னு நினைச்சேன். இவரு கப்பலை விட்டு எறங்கி ஒரு மாசம்கூட ஆகல பாப்பா. நீ தட்டுற பக்கம் திரும்புவாரு. நேராப் போ, பாலம் தாண்டினதும் இடது பக்கம். அப்புறம் எங்கேயும் தட்டாதே, வாசலுக்கே போயிடலாம்."

மாமா ஊறுகாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை.

பாலம் தாண்டியதும் பெர்னடெட் இடப்பக்கம் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

உள்ளே போனபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அம்மா மெலிந்திருந்தாள். ஆனால் மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஊறுகாய் தொட்டு ஒரு கிண்ணம் கஞ்சியையும் காலி செய்தாள்.

"வழி கண்டுபிடிக்கச் சிரமமாயிருந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

மாமா கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "நான் கூட இருக்கும்போது என்ன சிரமம்?"

பெர்னடெட் அம்மாவின் கையில் இன்னொரு துண்டு ஊறுகாய் வைத்தாள்.

வாசலில் அதே சீனர் காத்திருந்தார். மாமா ஏறி உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே கைத்தடியைப் பெர்னடெட்டிடம் நீட்டினார். மீதி நான்கு விதிகளையும் ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டே சொன்னார்.