பதினான்காவது வரி

கோட்டின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. உள்பக்கம்தான் ஈரம்.

அவள் மறுபடியும் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கணவனுடைய கோட். நேற்றுக் கப்பலில் ஏறியதும் கேபின் அலமாரியின் கொக்கியில் மாட்டியது, அப்படியே தொங்குகிறது. வெளியே தடவினால் மொடமொடவென்று இருந்தது. உள்ளே முதுகுப் பக்கமும் இரண்டு கைகளின் முழு நீளமும், யாரோ நனைந்த உடம்போடு போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிய மாதிரி சொதசொதவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். உப்பு வாடை. அதற்கு அடியில், நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"குளிச்சிட்டுத் துவட்டாம இதைப் போட்டீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "நான் அதைத் தொடவே இல்லம்மா. நாம இன்னும் வெளியிலயே போகலையே."

"அப்ப அதுவா நனைஞ்சிடுச்சா?"

அவன் அடுத்த காலுறையை எடுத்து மாட்டினான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க மற்றவர்கள் "இது தெரியுது, இது மங்கலா இருக்கு" என்று சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதுதான் பிழைப்பு. அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான் என்பதுதான் அவளுடைய இருபத்திரண்டு வருட மனக்குறை. சண்டைக்குக்கூட லாயக்கில்லாத மனிதன்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில். அங்கே அவளுக்குப் 'பட்டியல் மேடம்' என்று பெயர். குளிர்க்கடல் கப்பல் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும், என்னவெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் அவள் எழுதிய தாளைத்தான் பத்தொன்பது வருடங்களாக வாடிக்கையாளர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறார்கள். மூன்று அடுக்காக உடுத்துங்கள்: உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளுடுப்பு, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத கோட். பருத்தி கூடவே கூடாது, நனைந்தால் காயாது. கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் செத்துப்போகும், கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை. உதட்டுக்குப் பூசும் களிம்பு. மதியம் மூன்று மணிக்கே இருட்டும், பயப்பட வேண்டாம்.

இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்தும் ஜனங்களுக்கு உறைத்தால்தானே? பல் டாக்டர் ஒருவர் இஸ்திரிப் பெட்டி கொண்டு போகலாமா என்று மூன்று முறை போன் செய்தார். ஓர் அம்மாள் ஐந்து ஜோடிக் குதிகால் செருப்போடு கிளம்பினாள், பனிக்கட்டியில் யாருக்கு நடந்து காட்டப் போகிறாளோ! பெட்டி கட்டத் தெரியாதவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை மட்டும் எதற்கு என்பது அவள் அபிப்பிராயம். அவளே இதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். இத்தனை வருட உழைப்புக்காக அலுவலகம் இப்போதுதான், இருவருக்கும் சேர்த்து, முதல் பயணத்தைத் தந்திருந்தது.

கோட்டை வெந்நீர்க் குழாய்மேல் காயப்போட்டாள். மேலே குழாய் கசிந்திருக்கும். பெரிய கப்பல் என்று பெயர்தான்.

முதல்நாள் மாலையிலேயே அவளுக்கு இந்தக் கப்பல்மேல் இளக்காரம் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு இருவரும் திரும்பியபோது, கேபின்களுக்கு நடுவே போகும் நீளமான நடைவழியில் ஒவ்வொரு கதவின் வெளிக்கொக்கியிலும் ஒரு முழு ஆளுக்கான துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கோட், ஸ்வெட்டர், தெர்மல், கையுறை, எல்லாம். கப்பல் ஆடும்போது இரண்டு பக்கமும் கைகள் ஒன்றாக முன்னே வந்து ஒன்றாகப் பின்னே போயின.

"வந்த அன்னைக்கே துவைக்கப் போட்டுட்டாங்க பாருங்க," என்றாள் கணவனிடம், மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி. "மானத்தை வாங்குதுங்க."

எதிர்க் கேபின் பெண்மணி தன் கதவில் ஸ்வெட்டரின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கடைச் சீட்டுகூடப் பிரிக்காத ஸ்வெட்டர். "நீங்க மாட்டலையா?" என்று கேட்டாள்.

"எங்க துணியை நாங்களே பார்த்துக்குவோம்."

அந்தப் பெண்மணி அவளைப் பார்க்கவில்லை, அவள் பின்னால் நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் நடைவழியில் எல்லாக் கொக்கிகளும் காலியாக இருந்தன.

மூன்றாம் நாள், ஸ்வெட்டர்.

அது தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது, பெட்டி பூட்டியிருந்தது. எடுத்து உதறியபோது கழுத்து தளர்ந்து, கைகள் முழங்காலுக்கு வரும்படி நீண்டு தொங்கின. உள்பக்கம் ஈரம். நூலிழைகளுக்கு இடையில் வெள்ளையாக உப்புப் பொடி. பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கும் பெட்டிக்கும் இடையே கார்பெட் நனைந்திருப்பதை, காலுறை ஈரமானபோதுதான் கவனித்தாள்.

"கதவைத் திறந்து போட்டீங்களா? அலை உள்ள அடிச்சிருக்கு."

"நான் தூங்கிட்டிருந்தேன்," என்றான் கணவன். "ஒரே குளிரா இருக்கும்மா. எலும்புக்குள்ள யாரோ ஊதுற மாதிரி."

"மாத்திரை போடுங்க. ரெண்டு நாள் கடலைப் பார்த்ததுக்கே இந்தக் கூத்தா?"

சொன்னாளே ஒழிய, அவன் நெற்றியைத் தொட்டபோது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நெற்றி பால்கனிக் கதவின் கண்ணாடி போலச் சில்லென்று இருந்தது.

அன்று அவள் சரியாகத் தூங்கவில்லை. கப்பலின் அடிவயிற்றிலிருந்து எந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது, மரச்சுவர் முனகியது, குளியலறையில் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் பழகிக் கண் அயரும் நேரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. துணி உரசும் சத்தம். அவசரமே இல்லாமல், யாரோ ஒருவர் ஒரு கையை உள்ளே விட்டு, பிறகு மறு கையை விட்டு, சரியாக வரவில்லை என்று கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து. கணவன் எழுந்து உடை மாற்றுகிறான் என்று நினைத்து அதட்ட வாயெடுத்தாள். அவன் மூச்சு அவள் தோள் பக்கத்தில் கேட்டது. அவன் கட்டிலில்தான் இருந்தான்.

அவள் விளக்கைப் போடவில்லை. பத்தொன்பது வருடம் ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று எழுதிக் கொடுத்தவள், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு விடியும்வரை அசையாமல் கிடந்தாள்.

நான்காம் நாள் மதியம். அவன் குளித்துவிட்டு வந்து தெர்மலை எடுத்து மாட்டினான், மாட்டிய வேகத்தில் வாய்விட்டுக் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. இழுத்துக் கழற்றியபோது தெர்மல் முழுக்க ஐஸ் தண்ணீர், பிழிந்தால் கொட்டுகிற மாதிரி.

"இதுக்குள்ள யாரோ இருந்திருக்காங்க," என்றான், பற்கள் அடித்துக்கொள்ள.

அவள் அவனை இரண்டு போர்வையில் சுற்றி உட்கார வைத்தாள். முதலில் கோட். அப்புறம் ஸ்வெட்டர். இப்போது தெர்மல். அவள் எழுதிய அதே மூன்று அடுக்கு, வெளியிலிருந்து உள்ளே. அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் துணிவில்லை.

நடைவழியில் கேபின் சுத்தம் செய்யும் பெண் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விசாரிக்கப் போன பட்டியல் மேடம் ஏனோ அவள் கையையே பிடித்துக்கொண்டாள்.

"முதல் நாள் நீங்க எதுவும் மாட்டலையே மேடம்," என்றாள் அந்தப் பெண். "கப்பல்லேர்ந்து அனுப்பின தாள்ல இருந்துச்சே? கடைசி வரி."

இருந்தது. கப்பல்காரர்களின் தாளில் பதினான்கு வரிகள். பதினான்காவது: கேபினுக்கு ஒரு செட் முழு உடை, யாரும் ஒருமுறைகூட உடுத்தாதது, முதல் மாலை கதவுக்கு வெளியே மாட்டவும். பத்தொன்பது வருடங்களுக்கு முன், அந்தத் தாளைப் பார்த்துத் தன் பட்டியலை எழுதும்போது, அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். கிறுக்குத்தனம். அந்த ஒரு வரியால் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது வேறு. அடித்துவிட்டாள்.

கணவன் எங்கிருந்தோ கப்பல்காரர்களின் தாளைப் பார்த்திருக்கிறான். அதில் சொன்னபடி புதிதாக ஒரு செட் வாங்கித் தன் பெட்டியின் அடியில் வைத்திருந்தான். கிளம்புகிற அன்று அவள்தான் அதைக் கண்டுபிடித்து வெளியே தூக்கிப் போட்டாள். "பட்டியல் போட்டவளுக்கே பாடம் எடுக்கறீங்களா?" அவன் பெட்டியை மூடிப் பூட்டினான்.

"மாட்டலன்னா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"மாட்டினா எடுத்துட்டுப் போயிடும். இல்லன்னா உள்ள வந்து தேடும். அடுத்தவங்க போட்ட துணி அதுக்குச் சூடு தராது போல. தேடிக்கிட்டே இருக்கும்."

"எது?"

"அதைக் கேட்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு." அந்தப் பெண் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "உங்க ஆபீஸ் மூலமா வர்றவங்க யாருமே மாட்டறதில்ல மேடம். நாங்க எடுத்துச் சொன்னாலும் தாள்ல இல்லன்னு சொல்லிடுவாங்க."

"அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? ஒரு புகார்கூட வந்ததில்லையே!"

"எல்லாரும் இறங்கிப் போனாங்க. ஏறும்போது எத்தனை தலையோ, இறங்கும்போதும் அத்தனை தலை."

பட்டியல் மேடம் ஓடினாள். எதிர்க் கேபின் பெண்மணி கதவைத் திறந்து, கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். "என்கிட்ட இருக்கறதெல்லாம் நான் போட்டது. இதெல்லாம் பெட்டி கட்டும்போதே யோசிச்சிருக்கணும்." அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே ஆயிரம் முறை போனில் பேசிய குரல். படிகளில் ஏறி, மேல்தளத்தில் இருந்த கப்பல் கடைக்குப் போனாள். சாவி வளையங்கள், பொம்மைகள், கோப்பைகள். உடுப்பு என்று இருந்தவை இரண்டே இரண்டு: ஒரு கம்பளிக் குல்லா, ஒரு மப்ளர். வேறொன்றும் இல்லையா என்று கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை. கடைக்காரர் தலையை ஆட்டினார்.

குல்லாவும் மப்ளருமாகக் கீழே இறங்கும்போது ஜன்னல்களில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி. அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அது மட்டும்தான் மனதில் ஓடியது. இருபத்திரண்டு வருடமாக இந்த மனிதனை இளக்காரமாகவே பார்த்துவிட்டேன், எனக்கு அவர் வேண்டும், அவர் பேசாமலே இருக்கட்டும், இருந்தால் போதும்.

கேபின் கதவைத் திறந்தாள்.

உள்ளே இருட்டு. அந்த ஃப்ரிட்ஜ் வாடை இல்லை. அதுவே தப்பாகப் பட்டது.

கட்டிலின் விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு, கணவன். உடம்பில் துணி இல்லை. போர்வைகள் தரையில்.

"என்னங்க."

"வந்துட்டியாம்மா." அவன் குரல்தான். "பின்னாடி சரியா சேரல. கொஞ்சம் பிடிச்சு இழுத்து விடேன்."

இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தான். எதையோ தேடி. எதையோ கூட்டிச் சேர்க்க. அவன் பிடரித் தோல் மடிப்பு மடிப்பாகக் குவிந்திருந்தது. முழங்கைகளிலும். இடுப்பிலும்.

அவள் பக்கத்தில் போகவில்லை. விளக்கைப் போட்டாள்.

அவன் கையை இறக்கினான். விரல் நுனிகள் காலியாக மடங்கித் தொங்கின. ஒரு அளவு பெரிய கையுறை மாதிரி.

"அவர் எங்க?" என்றாள்.

"உள்ள நல்லா சூடா இருக்கும்மா," என்றது அது. சொல்லி முடித்த பிறகுதான் உதடுகள் அசைந்தன.

பால்கனிப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்கிற மாதிரி.

கண்ணாடிக்கு வெளியே இருட்டு. இருட்டில் பனி. பனிக்கு நடுவே கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அழுந்தியிருந்தது. ரேகையே இல்லாத உள்ளங்கை. சிவப்பாக. அது எடுபட்ட இடத்தில் கறை நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே, அவள் முகத்துக்கு நேராக, இமையில்லாத இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பொறுமையாக.

"திறக்காதேம்மா," என்றது கட்டிலில் இருந்தது. "குளிர் உள்ள வரும்."

வெளியே அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஒரு குல்லாவும் ஒரு மப்ளரும் மட்டுமே இருந்தன.