பாக்கிச் சுண்ணாம்பு

கமலாட்சி தீவின் ஹேடோ துறையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவளுக்கு ஐந்து மாதம். வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் சுண்டிப் போயிருந்தது. ஆனாலும் மேட்டுத் தெருவில் தன் வீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அது அறுபத்துநாலாம் வருஷத்துக் கார்த்திகை. போன வாரம் வெள்ளையடித்த சுவர் பளீரென்று நின்றது.

"மெயின்லேண்ட்ல கூட இப்படி வெள்ளை பாத்திருக்க மாட்டே," என்றான் புருஷன் ஜம்புலிங்கம். சாலைக் காண்டிராக்டர். சும்மாவே மார்தட்டுகிறவன், அன்றைக்குக் கேட்கவா வேண்டும்?

வாசலுக்கு எதிரே தெரு பாதி தோண்டிக் கிடந்தது. சாக்கடைக்காக அவன் ஆட்கள் தோண்டிய குழி. அடியில் ஏதோ பழசு அகப்பட்டு, கல்கத்தாவிலிருந்து தொல்பொருள் அதிகாரி வந்து, கயிறு கட்டி வேலையை நிறுத்திவிட்டாராம். "பழைய அடுப்புக்கல்லுக்கு இம்புட்டு அலட்டல்," என்று குழியைப் பார்க்காமலே சொல்லிவிட்டு அவளை உள்ளே அழைத்துப்போனான்.

வெள்ளையடித்தது போக மிஞ்சிய சுண்ணாம்பை வடிகட்டி, வெற்றிலைக்கென்று அவளுக்கு ஒரு டப்பா நிறைய வைத்திருந்தான். கமலாட்சி சோறில்லாமல் இருந்தாலும் இருப்பாள், வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டாள். அதுவும் பிள்ளைத்தாய்ச்சி சுண்ணாம்பு சேர்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு கெட்டிப்படும் என்று அவள் ஊரில் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் கூடவே வழித்துத் தடவினாள். நாக்கில் சுள்ளென்றது. அடியில் கருகிய மீன் வாசம் லேசாக வந்தது. கடற்கரை ஊரில் எல்லாமே மீன் நாறும் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் தீவில் இருட்டு முந்திக்கொள்ளும். கடிகாரம் டில்லிக்கு ஓடும், சூரியன் தன் பாட்டுக்குப் போய்விடும். ஐந்தேகாலுக்கே கொல்லை வேலி கண்ணுக்குத் தெரியாது. புதிதாய் வந்தவளுக்கு இது பழகவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்குத்தான் விளக்கு வைத்தாள். விளக்கு வைக்கும் பொழுதுக்கு மேல் யாருக்கும் சுண்ணாம்பு கொடுக்கக்கூடாது, கேட்டு வருவது மனுஷியாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியாத சங்கதியா? நன்றாகத் தெரியும். பாவி மகள், மணி ஆறாகவில்லையே என்று பகலாகவே நினைத்துக்கொண்டாள்.

கொல்லைக் கதவை யாரோ உரசினார்கள்.

"சூனா தோ."

தீவு இந்தியில் சூனா என்றால் சுண்ணாம்பு. கப்பலிலேயே அவள் கற்றுக்கொண்ட வார்த்தை. கதவைத் திறந்தாள். படிக்குக் கீழே ஒரு பெண் நின்றாள். முகம் இருட்டில் இருந்தது. நனைந்த சாம்பல் வாசம் அடித்தது. நீட்டிய கையில் ஒரு இலை.

கமலாட்சி டப்பாவிலிருந்து வழித்து இலையில் வைத்தாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள்.

விரல்கள் ஈரத்துணி மாதிரி தொங்கின.

நோயாளி போல என்று பரிதாபப்பட்டுக் கதவைச் சாத்தினாள். மறுநாளும் அதே நேரத்துக்கு உரசல் கேட்டது. அதற்கு மறுநாளும். கமலாட்சி கொடுத்துக்கொண்டே இருந்தாள், தானும் தின்றுகொண்டே இருந்தாள். மார்கழி பிறந்தபோது ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கை இப்போது தொங்கவில்லை. விரல்கள் நேராக நின்றன. சுண்ணாம்பை வாங்கும்போது கமலாட்சியின் மணிக்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தன, கடைக்காரன் காயைத் தொட்டுப் பார்ப்பது போல.

அடுத்த நாள் காலை அந்தக் கல்கத்தா அதிகாரி ஜெகநாதன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். தஞ்சாவூர்க்காரர், தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"இந்தத் தெருவுக்குக் கீழே இன்னொரு தெருவே இருக்கும்மா. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் இருக்கும். வரிசையா அடுப்பு. யாருன்னு இன்னும் தெரியல. செத்தவங்களைத் தூரக் கொண்டுபோகாம, அடுப்புக்குப் பக்கத்துலயே சிப்பியைக் குவிச்சு, அதுக்குள்ள வச்சு மூடியிருக்காங்க."

"எடுத்துட்டீங்களா?"

"எங்கம்மா? நான் வந்து சேர்றதுக்குள்ள யாரோ லாரியோட அள்ளிட்டான். சிப்பி, எலும்பு, எல்லாம் போச்சு. சின்னப் பிள்ளைங்க எலும்பு அதுல நிறைய."

கமலாட்சி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் நின்றாள். கண் தானாகச் சுவருக்குப் போனது.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷனுக்கு அவள் சோறு போடவில்லை.

"அந்தச் சுண்ணாம்பு ஏதுங்க?"

"எதுக்குக் கேக்குறே?"

"ஏதுன்னு சொல்லுங்க."

ஜம்புலிங்கம் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கப்பல்ல சுண்ணாம்பு வரல. நீ வர்ற நாள் நெருங்கிடுச்சு. மூளிச் சுவரோட வீட்டுக்குள்ள உன்னைக் கூட்டியாரச் சொல்றியா? மண்ணுக்குள்ள சும்மா கெடந்த சிப்பி, புள்ள. சூளை போட்டேன்."

"எலும்பு கெடந்துச்சா?"

அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"கெடந்துச்சாங்க?"

"சூளையில போட்டா எல்லாம் வெள்ளைதான்," என்றான்.

அவள் முற்றத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, சாயங்காலம் வருகிறவளைப் பற்றிச் சொன்னாள். மணியைச் சொன்னதும் ஜம்புலிங்கத்தின் முகம் மாறிவிட்டது.

"ஐயையோ, இந்த ஊர்ல அஞ்சேகால்னா இருட்டிடுமே புள்ள. அவளுக்கா குடுத்தே?"

அப்புறம் அவன் சோறு கேட்கவில்லை. மண்வெட்டியும் கரண்டியுமாக நான்கு சுவரையும் சுரண்டினான். கை பொத்துப் போனது. சுரண்டியதையும் டப்பாவில் இருந்ததையும் சாக்கில் கட்டி, ஜெகநாதன் வாய் பிளந்து பார்க்க, குழிக்குள் கொட்டினான். மழை தூறியது. கொட்டிய இடம் கொதிக்கும் உலை போலச் சீறியது. ஒரு தரம் தண்ணீரில் கொதித்து நீறின சுண்ணாம்பு இன்னொரு தரம் நீறாது. இது நீறிற்று.

இருட்டியது.

கொல்லைக் கதவு உரசியது.

ஜம்புலிங்கம் திறக்க விடவில்லை. கமலாட்சிதான் அவனை விலக்கிவிட்டுத் திறந்தாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு. காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"எல்லாத்தையும் குழியில போட்டாச்சு தாயி. ஒண்ணுமில்ல. எங்களை விட்டுடு."

அந்தப் பெண் இன்று இலை நீட்டவில்லை. வெறும் கையை நீட்டினாள். நன்றாக எலும்பு வைத்த ஒரு விரல், கமலாட்சியின் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது.

"பாக்கி," என்றாள்.

இந்தியில் சொன்னாளா, தமிழிலா? இரண்டிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். கமலாட்சி தின்ற சுண்ணாம்பு குழிக்குத் திரும்பவில்லையே.

மறு கப்பலிலேயே வடக்கே மாயாபந்தருக்குப் போய்விட்டார்கள். அங்கே மரப்பலகை வீடு. வெள்ளையடிக்கச் சுவரே கிடையாது. கமலாட்சி வெற்றிலையைத் தொடவில்லை. சுண்ணாம்பு என்ற பேச்சே அந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று ஜம்புலிங்கம் கட்டளை போட்டிருந்தான். பங்குனியில் பெண் பிறந்தது, செல்லம் என்று பெயர் வைத்தார்கள். கொழுகொழுவென்று, கையும் காலும் உருட்டுக்கட்டையாக இருந்தது. யாரும் உரசவில்லை. ஜம்புலிங்கம் பழையபடி மார்தட்டத் தொடங்கினான்.

மார்கழி வந்தது. செல்லம் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஆத்தாளும் அப்பனும் கைதட்டிச் சிரித்தார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

நின்ற குழந்தை மெதுவாகக் கீழே போனது. விழவில்லை. வலது பாதம் மட்டும் மடிந்து, ஈரத்துணி மாதிரித் தரையில் படிந்தது.

கமலாட்சி ஓடிப்போய் அள்ளினாள். பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் கெட்டியாகத் தட்டுப்படவில்லை. குழந்தை அழவில்லை, கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜம்புலிங்கம் கதவைத் திறந்தான். படியில் ஆள் இல்லை. ஒரு இலை இருந்தது. அதில் ஒரு விரல் அளவு சுண்ணாம்பு, இன்னும் சூடு ஆறாமல்.

கமலாட்சி குனிந்தாள். கருகிய மீன் வாசம் இல்லை.

தாய்ப்பால் வாசம் அடித்தது.