நகரும் பஞ்சு

உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரி யார் என்று கேட்டால், ராதாமணி யோசிக்கவே மாட்டாள். அவளுடைய அக்கா முத்துச்செல்விதான். கோவில்பட்டியில் ராமசுப்பு இன்ஜினியர் ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே வீடு கட்டுகிறவள் அவள். செங்கல் வேண்டாம், சிமென்ட் வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாக இழுப்பாள். சுவர் வரும், கதவு வரும், மாடிப்படிகூட வரும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொத்தனார் நிஜ வீட்டைக் கட்டுவார்.

சனிக்கிழமை பள்ளி லீவு. அன்று அக்காவுக்கு மதியச் சோறு கொண்டுபோவது ராதாமணியின் வேலை. போன இடத்தில் இன்னொரு வேலையும் உண்டு. ஆபீசுக்குப் பின்னால் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை இருந்தது. அங்கிருந்து பஞ்சு பறந்து வந்து டீ கிளாசில் விழும், எல்லார் தலையிலும் உட்காரும். கம்ப்யூட்டர் திரையைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்தெடுப்பது ராதாமணியின் பொறுப்பு.

அன்று அவள் தூக்குவாளியோடு உள்ளே நுழைந்தபோது அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"வீட்டைக் காணோம்ட்டி."

"எந்த வீட்டை?"

"ஆவுடைத்தாய் பெரியம்மா வீட்டை. காலையில அந்த இடத்துல நிக்கிற வேப்பமரத்தைப் படத்துல சேர்த்தேன், சேவ் பண்ணினேன். இப்ப முழுப் படத்தையும் காட்டுன்னா வெறும் கறுப்பைக் காட்டுது."

ஆவுடைத்தாய் பெரியம்மா இடைசெவலில் பருத்தி விவசாயம் செய்பவர். சொந்த வீடு வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். நாளைக் காலையில் அஸ்திவாரம் தோண்ட முகூர்த்தம். வைகாசியில் இதை விட்டால் அடுத்தது ஆவணிதான். அப்போது தொடங்கினால், கூரை போடும் முன்னே ஐப்பசி மழை வந்து கரிசல் மண்ணைக் களியாக்கிவிடும். படத்தை வாங்க அவர் மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். இன்ஜினியரோ திருநெல்வேலிக்குப் போயிருந்தார்.

"முதல்ல இருந்து வரையலாம்லா?"

"மூணு நாள் வேலைட்டி. அவிய இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாவ."

அக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பின்னால் இருந்த வயரைக் கழற்றி மாட்டினாள். வீடு வரவில்லை.

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையோ என்னமோ. வேற ஒரு வீட்டைத் திறந்து பாரேன்," என்றாள் ராதாமணி.

அக்கா வேறொரு வீட்டின் படத்தைத் திறந்தாள். அது ஜம்மென்று வந்து நின்றது. ஆக, திரையில் கோளாறு இல்லை. ஆவுடைத்தாய் பெரியம்மாவின் வீட்டை மறுபடி திறந்தால், பழையபடி கும்மிருட்டு.

அக்காவின் கண் கலங்கியது. கெட்டிக்காரி அழுதால் மற்றவர்கள் என்ன செய்வது? தனக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று ராதாமணி துணியை எடுத்துத் திரையைத் துடைத்தாள்.

பஞ்சு எல்லாம் வந்துவிட்டது. இரண்டு பொட்டுப் பஞ்சு மட்டும் வரவில்லை. கீழே இடது மூலையில் ஒன்று, மேலே வலது மூலையில் ஒன்று. அழுத்தித் துடைத்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். இரண்டும் அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, அக்கா மவுஸைப் பிடித்துப் படத்தை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"அக்கா, பஞ்சு நகருது."

"ஃபேன் காத்துல நகரும்ட்டி."

"ரெண்டும் ஒண்ணுபோல ஒரே பக்கமா நகருது. காத்துக்கு அவ்வளவு ஒழுங்கு ஏது?"

ராதாமணி ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள். "இப்ப இழு."

அக்கா இழுத்தாள். காற்றே இல்லை. ஆனாலும் இரண்டு பொட்டும் ஒன்றாக நகர்ந்தன.

"அப்ப இது கண்ணாடிமேல இல்லக்கா, படத்துக்குள்ள இருக்கு. பெரிசாக்கிப் பாரு."

கீழ்ப் பொட்டைச் சுற்றி அக்கா ஒரு கட்டம் போட்டாள். பொட்டு கொஞ்சம் பெரிதானது. மறுபடி கட்டம், மறுபடி கட்டம். பொட்டு ஒரு கடுகானது, கடுகு ஒரு பெட்டியானது. பெட்டிக்குள் சுவர்கள் தெரிந்தன. அப்புறம் வாசல், நடை, அடுப்படி, மாடிப்படி எல்லாம் வந்து திரை நிறைய விரிந்தன. ராதாமணி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஒரு பொட்டுக்குள்ளே இவ்வளவு பெரிய வீட்டையா அக்கா வரைந்து வைத்திருக்கிறாள்?

"அப்ப மேல இருக்க பொட்டு?"

அதையும் பெரிதாக்கினார்கள். அது ஒரு வேப்பமரம். ஒண்டியாக நின்றது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சுவத்துக்குப் பக்கத்துல வைக்க வேண்டிய மரம்ட்டி. தூரத்தை அடிக்கும்போது நாலு சைபர் கூடிப்போச்சு. மரம் கயத்தாறையே தாண்டியிருக்கும்."

"அதான் சங்கதி. கழுகுமலை மேல நின்னு பாத்தா கீழ போற பஸ் தீப்பெட்டி மாதிரி தெரியும்லா? வீட்டையும் மரத்தையும் சேர்த்துக் காட்டுன்னு சொன்னா, பாவம், கம்ப்யூட்டர் எவ்வளவு உசரத்துல ஏறி நிக்கும்?" என்றாள் ராதாமணி.

அக்கா சிரித்துவிட்டாள். மரத்தை இழுத்துவந்து வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நட்டாள். முழுப் படத்தையும் காட்டச் சொன்னாள். வீடும் மரமும் கம்பீரமாக வந்து நின்றன.

தாளில் அச்சு வந்துகொண்டிருந்தபோதே ஆவுடைத்தாய் பெரியம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். படத்தை மேஜையில் விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"வேப்பமரத்தை வெட்டாம விட்டுட்டியே தாயி. வீடு லட்சணமா இருக்கு."

"வரைஞ்சது நான்தான் பெரியம்மா. ஆனா இது தொலைஞ்சே போச்சு. தேடிக் கண்டுபிடிச்சது இவதான்," என்று தங்கையை முன்னால் தள்ளினாள் அக்கா.

நடந்ததைக் கேட்ட பெரியம்மா ராதாமணியின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். "அப்ப என் வீட்டுக்குள்ள எனக்கு முந்தியே நுழைஞ்சவ நீதானா? பால் காய்ச்சுற அன்னைக்கு அவசியம் வரணும். வழி தெரியாட்டா பஸ் ஸ்டாப்புல யார்ட்டயாவது என் பேரைச் சொல்லிக் கேளு."

"பஸ் ஸ்டாப்புல இருந்து வாசல் வரைக்கும்தான் கேக்கணும் பெரியம்மா," என்றாள் ராதாமணி. "வாசலுக்குள்ள வந்துட்டா, அடுப்படிக்கு நானே உங்களைக் கூட்டிட்டுப் போயிருவேன்."