டிரைவர் சீட்டில் ஒரு பிடி பொரி

டிரைவர் சீட் ஈரமாக இருந்தது.

காந்தா துணியை அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் அல்ல. நாள் முழுக்க ஒருவன் உட்கார்ந்து எழுந்தால் ரெக்சினில் படியுமே, அந்த வெதுவெதுப்பான வியர்வை. ஆளே இல்லாமல் ஓடும் டாக்சி அது. சந்தாபுரா ஷெட்டில் அவள் கழுவும் எந்த வண்டியிலும் அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. பின்சீட்டில் கிடக்கும் வாந்தி, முடி, நகத்துண்டெல்லாம் அவளுக்குப் பழக்கம். இந்த ஈரம்தான் புதுசு.

முந்தாநாள் ஆயுத பூஜை. பூஜை முடிந்ததும் டிரைவருக்குத்தான் முதல் பொரியும் புதுத்துண்டும். இந்த வண்டிக்கு யாருமில்லையே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. காலி சீட்டில் துண்டை விரித்து, ஒரு பிடி பொரி வைத்து, "ஏத்துக்கோப்பா" என்று கும்பிட்டாள்.

வாட்ச்மேன் ரவிக்குமார் சிரித்தான். இருபது வருஷம் டாக்சி ஓட்டியவன்.

"இல்லாத ஆளுக்குப் பொரி, எனக்குக் கிடையாதாக்கா?"

"உன் பொழப்பத் தின்னுட்ச்சேன்னு வயித்தெரிச்சல் உனக்கு."

"ஆளில்லாத வண்டில நான் ஏற மாட்டேன். நீ வேற யாரையோ கூப்ட்டு வெச்சிட்டே."

அதே வண்டிதான் இன்று சாயங்காலம் அவளை ஆனேக்கல்லில் வீட்டில் விடப்போகிறது. ஏழு வயது மகள் விஜியை ஒரு ரவுண்டு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். விஜி தெருமுனையில் காத்திருப்பாள். காந்தா பின்சீட்டில் ஏறினாள்.

ஏசி காற்றில் முதலில் பினாயில் வாசனைதான் வந்தது. பிறகு அதன் அடியிலிருந்து சிக்குப் பிடித்த தலையின் தேங்காய் எண்ணெயும், பீடியும், எச்சிலில் ஊறிப் புளித்த பொரியின் நாற்றமும் மெல்ல மேலெழுந்து அவள் நாக்கிலேயே படிந்தன. ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. டிரைவர் சீட்டில் தலை சாய்க்கும் மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

நறநறவென்று ஒரு சத்தம்.

மெல்லும் சத்தம்.

எதிரே இருந்த திரையில் 'நிறுத்து' என்பதை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை, சத்தம்தான் நின்றது. முன்னால், இடது சீட்டில், சொத்தென்று ஏதோ விழுந்தது. வெள்ளையாய் ஓர் உருண்டை. மென்று துப்பிய பொரி. எச்சில் நூல் இன்னும் அறவில்லை.

தெருமுனையில் வண்டி தானாக நின்றது. விஜி கையசைத்தாள்.

"ஏறாதடி! விஜி, ஏறாத!"

கண்ணாடி இறங்கவில்லை. பின்கதவு திறக்கவில்லை. முன்கதவு திறந்தது.

விஜி ஏறினாள். உருண்டையைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு காலி சீட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி அங்கிள்."

எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கதவு மூடியது. வண்டி கிளம்பியது. காந்தா கத்தக் கத்த, முன்னால் இரண்டு வாய்கள் நிதானமாக மென்றன.